யானை வரும் வழியும் நம் வகுப்பறையும்

ராகி முற்றும் பருவத்தில் பன்னார்கட்டாவிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் சானமாவு காட்டுக்கு வருகின்றன. எம் மாணவர்கள் பலர் காட்டோரமாக நடந்தே பள்ளிக்கு வருபவர்கள்.

வால்பாறையில் யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர், அது அருகில் நிற்பதை அறியாமல் எதிர்ப்பட்டவர்கள். எனவே அங்கு குறுஞ்செய்தி, கேபிள் தொலைக்காட்சி, சிவப்பு விளக்கு வழியாக மக்களை முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள்.

நாமும் இதைச் செய்யலாம். வனத்துறையினரும் ஊர் இளைஞர்களும் தரும் தகவலை மாணவர்கள் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்கட்டும். ஊர் வரைபடத்தில் குறிக்கட்டும். அதிகாலையிலும் அந்தியிலும் தனியே செல்லாமை, புதிய சாணத்தைக் கண்டால் திரும்பிவிடுதல், யானையையோ கரடியையோ படமெடுக்க நெருங்காமை ஆகிய மூன்றையும் பழக்குவோம். பிள்ளைகள் சொன்னால் பெற்றோரும் கேட்பார்கள்.