இணையதளம் திறக்கவில்லையா? திரையில் வரும் எண்ணைப் படியுங்கள்

பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, தேர்வு முடிவு, பாஸ்போர்ட், ஹஜ் கமிட்டி விண்ணப்பம், வக்ஃப் சொத்துப் பதிவு என்று நம் குடும்பங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் தேவையான காரியங்கள் பலவும் இன்று இணையதளங்களின் வழியாகவே நடக்கின்றன. விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று தளத்தைத் திறந்தால் 403 என்றோ 503 என்றோ ஓர் எண்ணும் அதன் அருகில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் வந்து நிற்கின்றன. வீடே பதறிப்போகிறது.

அந்தப் பதற்றத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சிலர் அறிமுகமில்லாத இடைத்தரகரிடம் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், "நம் சமுதாயத்தினர் விண்ணப்பிக்கக் கூடாது என்று தளத்தை முடக்கிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் பரப்புகிறார்கள். திரையில் வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தளம் எப்படித் திறக்கிறது?

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் பிரவுசர் முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டறிகிறது. இதற்கு டிஎன்எஸ் என்று பெயர். பின்னர் அந்த முகவரியில் உள்ள சர்வர் என்னும் கணினியுடன் இணைப்பு ஏற்படுத்தி, "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று கேட்கிறது. சர்வர் தன் பதிலுடன் மூன்று இலக்க எண் ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறது. எல்லாம் சரியாக இருந்தால் அந்த எண் 200. பக்கம் திறந்துவிடுவதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தவறு நேரும்போதுதான் எண் திரைக்கு வருகிறது.

இதில் முதல் இலக்கத்தை மட்டும் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். 4-ல் தொடங்கினால், நாம் கேட்டதை அல்லது கேட்ட விதத்தை சர்வர் ஏற்கவில்லை. 5-ல் தொடங்கினால், கேட்டவர் மீது குறையில்லை. சர்வரின் பக்கம்தான் கோளாறு.

4-ல் தொடங்கும் எண்கள்

404: கேட்ட பக்கம் அந்த முகவரியில் இல்லை. முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். அல்லது பக்கத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த பழைய லிங்கை விட்டுவிட்டு, தளத்தின் முகப்புக்குச் சென்று அங்கிருந்து தேட வேண்டும்.

401: யார் என்று தெரிவித்துவிட்டு வாருங்கள் என்று பொருள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சரியாகக் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும்.

403: கேட்டது புரிந்தது, ஆனால் தர அனுமதியில்லை என்று பொருள். நம்மவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் எண் இதுதான். இது வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. நாம் உள்நுழைந்து நீண்ட நேரமாகியிருக்கலாம். விபிஎன் இயங்கிக்கொண்டிருக்கலாம். தளத்தை நடத்துபவர்கள் கோப்பின் அனுமதியைத் தவறாக அமைத்திருக்கலாம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்திய அரசுத் தளங்களில் சில, வெளிநாட்டு முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கைகளை ஏற்பதில்லை. துபையில் இருக்கும் தந்தைக்குத் திறக்காத தளம் ஊரில் இருக்கும் மகனுக்குத் திறக்கும். அத்தகைய நிலையில் ஊரில் இருக்கும் குடும்பத்தாரைக் கொண்டு விண்ணப்பிப்பதே எளிது.

429: குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். சற்று நேரம் விட்டுவிட்டு மீண்டும் முயல வேண்டும்.

சட்டப்படி தடுக்கப்பட்ட பக்கத்துக்கென்றே தனி எண் ஒன்று இருக்கிறது. அது 451. நூல்களை எரிக்கும் ஆட்சியைப் பற்றி ரே பிராட்பரி 1953-ல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' என்ற நாவலை நினைவுபடுத்தும் வகையில் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-ல் இது இணைய விதிகளில் இடம்பெற்றது. ஆனால் தடுக்கப்பட்ட தளங்கள் எல்லாவற்றிலும் இந்த எண் வருவதில்லை. நம் நாட்டில், தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு சில வேளைகளில் வரும். சில வேளைகளில் எந்த அறிவிப்புமின்றி இணைப்பு அறுந்துபோகும். எனவே வெறும் 403-ஐப் பார்த்துத் தடை என்று முடிவு செய்யவும் முடியாது. 451 வரவில்லை என்பதால் தடையே இல்லை என்று சொல்லவும் முடியாது. விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

5-ல் தொடங்கும் எண்கள்

500 என்றால் சர்வரில் இயங்கும் நிரலில் கோளாறு. 502 என்றால் முன்னால் நிற்கும் சர்வருக்கு, பின்னால் உள்ள சர்வரிடமிருந்து முறையான பதில் கிடைக்கவில்லை. 503 என்றால் கூட்ட நெரிசலாலோ பராமரிப்புப் பணியாலோ இப்போதைக்குச் சேவை இல்லை. 504 என்றால் பின்னால் உள்ள சர்வர் உரிய நேரத்துக்குள் பதில் தரவில்லை.

கடைசி நாளில் 503 வருவதற்குப் பெரும்பாலும் நெரிசலே காரணம். அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் நெரிசல் இன்னும் கூடும். பத்து நிமிடம் பொறுத்து முயலலாம். பின்னிரவிலோ ஃபஜ்ருக்குப் பின்னரோ கூட்டம் குறைந்திருக்கும் நேரத்தில் முயலலாம். கடைசி நாள்வரை காத்திராமல் இருப்பது எல்லாவற்றிலும் மேல்.

504-ல் ஒரு எச்சரிக்கை தேவை. பணம் செலுத்தும்போது இந்த எண் வந்தால், பணம் போகவில்லை என்று பொருளல்ல. பதில் வரத் தாமதமானது என்பதுதான் பொருள். பின்னால் வேலை முடிந்தும் இருக்கலாம். ஆகவே உடனே இரண்டாம் முறை செலுத்திவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்த பிறகே அடுத்த முயற்சி.

எண்ணே வராவிட்டால்?

சர்வரின் பதிலே வராதபோது எண்ணும் வராது. தளத்தின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிரவுசர் சொன்னால், பெயரில் பிழை இருக்கலாம்; அல்லது டிஎன்எஸ் கோளாறு, அல்லது தளத்தின் பெயர்ப் பதிவு காலாவதியாகியிருக்கலாம். நேரம் கடந்துவிட்டது என்று சொன்னால், நம் இணைப்பு மிக மெதுவாக இருக்கலாம், அல்லது சர்வர் இயங்காமலோ இடையில் ஏதோ தடுத்தோ இருக்கலாம்.

எந்தப் பக்கம் கோளாறு என்று அறிய எளிய சோதனை உண்டு. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வேறு பிரவுசரில் முயலுங்கள். வேறு ஊரில், வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் உறவினரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். யாருக்கும் திறக்கவில்லை என்றால் சர்வரில் கோளாறு. உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் கருவியிலோ இணைப்பிலோ கோளாறு. ஒரே ஒரு நிறுவனத்தின் இணைப்பில் மட்டும் திறக்கவில்லை என்றால் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

"உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல" என்ற எச்சரிக்கை வந்தால் முதலில் போனில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தாலே இந்த எச்சரிக்கை வரும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை தொடர்ந்தால், அதைத் தாண்டிச் சென்று ஆதார், வங்கி விவரங்களைக் கொடுக்கவே கூடாது. இன்னொன்று: முகவரிக்கு அருகில் பூட்டு அடையாளம் இருப்பதால் மட்டும் தளம் உண்மையானது ஆகிவிடாது. போலித் தளம் நடத்துபவரும் அந்தப் பூட்டைப் பெற முடியும். முகவரியை எழுத்தெழுத்தாகப் படிப்பதே பாதுகாப்பு.

தளம் உருவாக்கும் இளைஞர்களுக்கு

நம் மஹல்லாக்களில் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் பைத்துல்மாலுக்கும் இளைஞர்கள் தளம் அமைத்துக் கொடுக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

வீட்டில் விண்டோஸ் கணினியில் நன்றாகத் திறந்த பக்கம், சர்வரில் ஏற்றியதும் 404 காட்டினால் கோப்பின் பெயரைப் பாருங்கள். சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் இயங்குகின்றன. அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. 403 வந்தால் இண்டெக்ஸ் கோப்பு இருக்கிறதா, அனுமதிகள் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். கோப்புகளுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755 என்பதே வழக்கமான அமைப்பு. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 777 கொடுத்தால், அந்தச் சர்வரில் உள்ள எந்தப் பயனரும் எந்த நிரலும் உங்கள் கோப்புகளை மாற்றலாம் என்று ஆகிவிடும். 500 வந்தால் ஊகிக்க வேண்டாம். சர்வரின் எர்ரர் லாக்கைத் திறந்தால் எந்தக் கோப்பில் எந்த வரியில் பிழை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழ்கள் 90 நாட்களுக்கே செல்லுபடியாகும் வகையில் வந்தவை. அவை தானாகப் புதுப்பிக்கப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

403 வந்தே தீர வேண்டிய இடமும் உண்டு. பைத்துல்மாலில் உதவி கேட்டு விண்ணப்பித்தவர்களின் பெயர்களும் ஆதார் நகல்களும் தளத்தின் ஃபோல்டரில் திறந்து கிடந்தால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். ஓர் ஏழை விதவையின் மானம் அதில் இருக்கிறது. அனுமதி கேட்காமல் பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் சூரா அந்நூர் நமக்குக் கற்பிக்கிறது. வீட்டு வாசலுக்கு உள்ள அந்த ஒழுங்கு இத்தகைய ஆவணங்களுக்கும் பொருந்தும். அவற்றைப் பூட்டி வைப்பது அமானிதம்.

தளத்தின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருப்பதும் தவறு. அவர் வேலைக்காக வெளிநாடு சென்றுவிட்டால், பெயர்ப் பதிவு காலாவதியாகும்போது புதுப்பிக்க ஆளிருக்காது. ஜமாஅத் அலுவலகத்திலும் ஒரு பிரதியைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும்.

ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்

2025 ஜூன் 6-ல் தொடங்கப்பட்ட உமீத் தளத்தில் வக்ஃப் சொத்து விவரங்களை ஆறு மாதங்களுக்குள் பதிவேற்ற வேண்டும் என்று சட்டம் கூறியது. தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் அவகாசம் நீட்டிக்கலாம் என்றும் அதே சட்டத்தில் உள்ளது. "தளம் திறக்கவில்லை" என்று வாயால் சொல்வது ஒன்று. தேதி, நேரம், முகவரி, எண் எல்லாம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காட்டுவது வேறு. எந்த விண்ணப்பமானாலும் பிழை வந்ததும் படம் எடுத்து வையுங்கள். உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதுவே பின்னாளில் உங்களுக்காகப் பேசும்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்து அறியும்படி சூரா ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. "தடை செய்துவிட்டார்கள்" என்ற செய்தியும் அதில் அடங்கும். அநீதி நடந்தால் ஆதாரத்துடன் உரக்கச் சொல்வோம். நடந்தது வெறும் நெரிசல் என்றால், அதை அநீதியாக்கிப் பரப்பி நம் மக்களை விண்ணப்பிக்க விடாமல் சோர்வடையச் செய்ய வேண்டாம். அந்த வதந்தியை நம்பி ஒரு பிள்ளை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டால், அந்த இழப்புக்குப் பரப்பியவரும் பொறுப்பாளியாவார்.

பயனுள்ள கல்வியையும், விசாரித்து அறியும் பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.