தொலைபேசியில் பயிர் ஆலோசனை: விவசாயிகள் அறிய வேண்டிய சொற்கள்

கீழ் கோத்தகிரிப் பகுதியில் மூடுபனியும் சாரலும் விடாது நீடித்தால் தேயிலையில் கொப்புள நோய் தலைகாட்டும். முதலில் இளம் இலையில் எண்ணெய்ப் பொட்டுப் போன்ற சிறு புள்ளி தெரியும். கவனியாது விட்டால் இலையின் அடிப்புறம் வெண்மையாகக் கொப்புளம் எழும்பி, பறிக்க வேண்டிய கொழுந்து வீணாகும். தக்க தருணத்தில் ஆலோசனை கிடைக்காவிட்டால் நட்டம் சிறு விவசாயிக்கே.

இத்தகைய சமயங்களில் உதவவே மத்திய அரசின் வேளாண்மைத் துறை 2004-ம் ஆண்டு ஜனவரி 21-ம் நாள் 'கிசான் கால் சென்டர்' என்னும் உழவர் அழைப்பு மையத்தைத் தொடங்கியது. 1800-180-1551 என்ற எண்ணில், விடுமுறை நாட்கள் உட்பட, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். ஆனால் இயந்திரக் குரல் கேட்டதும் போனை வைத்து விடுவோரும் உண்டு. கீழ்க்கண்ட சொற்களைத் தெரிந்து கொண்டால் இத்தொல்லை இராது.

டோல் ஃப்ரீ: கட்டணமில்லா எண். அழைப்புக்கான செலவை மையமே ஏற்கிறது. எனவே காத்திருப்பதால் கைக்காசு போகாது.

ஐ.வி.ஆர்.: பதிவு செய்யப்பட்ட குரல். அது சொல்லும் எண்ணை அழுத்தினால் உரிய இடத்துக்கு இணைப்புக் கிடைக்கும். இக்குரலிடம் கேள்வி கேட்பதில் பயனில்லை.

க்யூ: காத்திருப்பு வரிசை. எடை போடும் இடத்தில் இலை மூட்டைகள் நிற்பது போல அழைப்புகளும் வந்த முறைப்படி நிற்கின்றன. போனை வைத்து விட்டு மீண்டும் அழைத்தால் கடைசிக்குப் போக நேரிடும்.

கான்பரன்ஸ்: முதலில் பேசுபவர் வேளாண்மை படித்த ஆலோசகர். அவருக்கு விடை தெரியாவிடில் மேல்நிலை வல்லுநரை அதே அழைப்பில் சேர்த்துப் பேச வைப்பார். சற்று நேரம் ஓசையின்றி இருந்தாலும் பொறுத்திருக்க வேண்டும்.

வாய்ஸ் மெயில்: குரல் அஞ்சல். மையம் இயங்காத நேரத்திலும், இணைப்புகள் நிரம்பியுள்ள போதும் கேள்வியைப் பதிவு செய்து வைக்கும் வசதி. பெயர், ஊர், பயிர், போன் எண் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தொடர்பு எல்லைக்கு வெளியே: டவரிலிருந்து வரும் அலைகளை மலைமுகடு மறைப்பதால் பள்ளத்துத் தோட்டங்களில் சிக்னல் குறையும். மேட்டுக்கு வந்து பேசுவது நல்லது.

அழைக்குமுன்...

'இலையில் புள்ளி' என்று மட்டும் சொன்னால் சரியான மருந்து கிடைக்காது. புள்ளி இளம் இலையிலா, முற்றிய இலையிலா, மேற்புறமா, அடிப்புறமா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். கவாத்து செய்த ஆண்டு, கடைசியாகத் தெளித்த மருந்து, தெளித்த தேதி ஆகியவற்றையும் குறித்து வைத்துக் கொள்ளலாம்.

ஆலோசகர் சொல்லும் மருந்தின் பெயர், அளவு, தெளித்தபின் கொழுந்து பறிக்காமல் விட வேண்டிய நாட்கள் ஆகியவற்றை எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவது அவசியம். தேயிலை வாரியம் அனுமதித்த மருந்துதானா என்றும் கேட்டறிய வேண்டும். நோய் இன்னதென்று பேச்சில் விளங்காவிடில், பாதித்த கொழுந்துடன் குன்னூரிலுள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி விவசாயிகள் பயனடையலாம்.