குச்சி செல் செத்தால் கூம்பு செல் ஏன் சாகணும்?

வெயிலில் சுத்திட்டு செஞ்சிக் கோட்டை நெற்களஞ்சியத்துக்குள்ளே நுழைஞ்சா முதல்ல ஒண்ணுமே தெரியாது. கொஞ்ச நேரம் நின்னா சுவரும் வளைவும் தெரிய ஆரம்பிக்கும். இப்படி மங்கலில் பார்க்க வைப்பது விழித்திரையில் இருக்கும் சுமார் 12 கோடி குச்சி செல்கள். பகல் வெளிச்சம், நிறம், படிப்பு இதெல்லாம் சுமார் 60 லட்சம் கூம்பு செல்களோட வேலை.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் முதலில் குச்சி செல்கள் சாகும். இருட்டில் தடுமாற்றம் வரும். பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். பல வருஷம் கழிச்சு கூம்பு செல்களும் சாகும். ஆனா பலருக்கு மரபணுக் கோளாறு இருப்பது குச்சி செல்லில் மட்டும்தான். அப்போ கூம்பு ஏன் சாகணும்?

பாரிஸில் லெவேயார், சாஹெல் குழு 2004-ல் ஒரு விடை சொன்னாங்க. குச்சி செல்கள் சுரக்கும் ஒரு புரதம்தான் கூம்பு செல்களைக் காப்பாத்துது. கூம்புக்குள் குளுக்கோஸ் போக அது உதவுதுன்னு 2015-ல் கண்டுபிடிச்சாங்க. மதில் எவ்வளவு உயரமா இருந்தாலும் களஞ்சியம் காலியானா கோட்டை தாங்குமா? கூம்பும் கிட்டத்தட்ட பட்டினியில்தான் சாகுது.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. உலக அளவில் இந்த நோய் சுமார் 4,000 பேரில் ஒருத்தருக்கு. சங்கர நேத்ராலயா 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 40 வயது தாண்டினவங்களில் சென்னை நகரத்தில் 930-க்கு ஒருத்தர், கிராமங்களில் 372-க்கு ஒருத்தர். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன்னு சொந்தத்திலேயே கல்யாணம் நடக்கும்போது, ஒரே கோளாறு அப்பா, அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் பிள்ளைக்கு வர வாய்ப்பு கூடுது.

சிகிச்சை? ஆர்பிஇ65 மரபணுக் கோளாறுக்கு மட்டும் 2017-ல் அமெரிக்கா ஒரு மரபணு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. உயிரோடு செல்கள் மிச்சம் இருந்தால்தான் அது பயன்படும். 2021-ல் வெளியான ஆய்வில், 58 வயது நோயாளி ஒருவரின் கண்ணில், சாகாமல் மிஞ்சியிருந்த நரம்பு செல்களுக்கு, பாசியிலிருந்து எடுத்த ஒளி உணரும் புரதத்தின் மரபணுவைக் கொடுத்தாங்க. ஒளி மாறும் பிக்ஸல்களை மட்டும் பதிவு செய்யும் கேமரா பொருத்திய கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மேஜை மேல இருந்த பொருட்களை அவர் எண்ணினார். அந்தக் கேமராவும் ப்ராசஸரும் நம்ம துறை வேலைதான்!

எந்த வழியானாலும் உயிரோடு இருக்கும் செல் வேணும். அதனால வீட்டில் யாராவது பொழுது சாய்ஞ்சதும் தடுமாறினா, "மாலைக்கண்தான், கேரட் சாப்பிடு"ன்னு விட்டுடாதீங்க. வைட்டமின் ஏ குறைவா, விழித்திரை நோயான்னு கண் டாக்டர் பார்த்துதான் சொல்ல முடியும். பரம்பரை நோய்னா மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்க.