19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தென் மாநிலங்களின் கிராமப்புற மருத்துவர்கள்

19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில், நகரங்களுக்கு வெளியே பருத்தி, புகையிலைத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் மருத்துவம் பார்த்தவர்கள் கிராமப்புற மருத்துவர்கள் ஆவர். மருத்துவமனையோ மற்றொரு மருத்துவரோ பெரும்பாலும் அருகில் இல்லாததால், மருந்து கலப்பது, பிரசவம் பார்ப்பது, பல் பிடுங்குவது, அறுவை செய்வது அனைத்தும் ஒருவர் பொறுப்பாகவே இருந்தன. இந்தத் தனிமை சிலருக்குப் புதியன முயலும் துணிவைத் தந்தது. அவர்களைத் தட்டிக் கேட்க ஆளில்லாத நிலையையும் உண்டாக்கியது.

பயிற்சி

மூத்த மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்து தொழில் பழகிய பின், பலர் மருத்துவக் கல்லூரியில் இரண்டு பருவங்கள் பயின்றனர். முதல் பருவப் பாடங்களே பெரும்பாலும் இரண்டாம் பருவத்திலும் நடத்தப்பட்டன. 1830, 1840களில் பல மாநிலங்கள் மருத்துவ உரிமச் சட்டங்களைக் கைவிட்டதால், பட்டம் இல்லாதவர்களும் தொழில் செய்ய முடிந்தது.

பணியும் சிகிச்சையும்

மருத்துவர் சேணப்பையில் மருந்துகளுடன் குதிரையில் வீடு வீடாகச் சென்றார். கட்டணம் பணமாகக் கிடைப்பது அரிது. மக்காச்சோளம், பன்றி இறைச்சி, விறகு ஆகியவற்றையும் பெற்றுக்கொண்டார். இரத்தம் வடித்தலும், பாதரச உப்பான காலோமெல் கொடுத்தலும் வழக்கமான சிகிச்சைகள். காலோமெல் அளவு மீறினால் வாய் புண்ணாகிப் பற்கள் ஆடின. 1820ல் பிரித்தெடுக்கப்பட்ட கொய்னா மட்டும் மலேரியாவுக்கு உண்மையான பலன் தந்தது.

முன்னோடி அறுவைகள்

1809ல் கென்டக்கியின் டான்வில் ஊரில் எஃப்ரைம் மெக்டவல், ஜேன் டாட் கிராஃபோர்ட் என்பவரின் சூலகக் கட்டியை மயக்க மருந்தின்றி அகற்றினார். அவர் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1842ல் ஜார்ஜியாவின் ஜெஃபர்சன் ஊரில் கிராஃபோர்ட் லாங், ஈதர் கொடுத்துக் கழுத்துக் கட்டியை அகற்றினார். 1849 வரை அதை அவர் வெளியிடாததால், 1846ல் பாஸ்டனில் ஈதரைச் செய்து காட்டிய வில்லியம் மார்ட்டனுக்கே புகழ் சேர்ந்தது.

அடிமைகளும் மருத்துவமும்

தோட்டங்களில் மருத்துவரை அழைப்பவரும் கட்டணம் தருபவரும் அடிமையின் உரிமையாளரே. நோயாளியின் சம்மதம் சட்டப்படி தேவைப்படவில்லை. அலபாமாவில் முன்பு கிராம மருத்துவராக இருந்த ஜே. மரியன் சிம்ஸ், மான்ட்கமரியில் 1845 முதல் 1849 வரை அனார்கா, பெட்சி, லூசி உள்ளிட்ட அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுவை செய்தார். அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை நடந்தது. பிரசவத்தால் ஏற்படும் புரைப்புண்ணை மூடும் முறை இவ்வாறு உருவாகிப் பிற்காலத்தில் எண்ணற்ற பெண்களுக்குப் பயன்பட்டது. 2018ல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து சிம்ஸின் சிலை அகற்றப்பட்டது.

பிற்காலம்

நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மாநிலங்கள் மீண்டும் உரிமச் சட்டங்களை இயற்றின. மேற்கு வர்ஜீனியாவின் அத்தகைய சட்டம் செல்லும் என்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889ல் தீர்ப்பளித்தது. தகுதியைச் சோதிக்க அதன்பின் வழி இருந்தது. நோயாளியின் சம்மதம் சட்ட உரிமையாக நிலைபெற மேலும் பல ஆண்டுகள் ஆயின.