உடற்பருமன் சிகிச்சையில் வாழ்க்கைத் தரத்தை அளப்பது ஏன்?

உடற்பருமன் சிகிச்சைக்கு வருவோரிடம் எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பதோடு ஒரு வினாத்தாளையும் தருகிறோம். "எடையைக் குறைக்க வந்த இடத்தில் தூக்கத்தைப் பற்றியும் கையில் உள்ள பணத்தைப் பற்றியும் ஏன் கேட்கிறார்கள்?" எனப் பலர் வியப்படைகின்றனர். சிலர் எல்லா வினாக்களுக்கும் நடுக்கட்டத்தில் ஒரே நேர்க்கோடாகக் குறியிட்டுத் திருப்பித் தந்துவிடுகின்றனர். அவசரம் எங்களுக்கும் புரிகிறது. ஆயினும் உங்கள் சிகிச்சையை மாற்றுவதா, தொடர்வதா என்று முடிவு செய்யும்போது அந்தத் தாளையும் நாங்கள் எடுத்துப் பார்க்கிறோம் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

எடைக் கருவி கிலோவை மட்டுமே காட்டும். பவர் டேபிளில் நாள் முழுவதும் அமர்ந்து தைக்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதங்களில் அவருடைய எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. அவர் எதிர்பார்த்தது இருபது. "பலன் இல்லை" என்று சிகிச்சையை நிறுத்த நினைக்கிறார். ஆனால் வினாத்தாளைப் பார்த்தால் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, இரவில் இடையில் விழிக்காமல் உறங்குகிறார், கம்பெனியில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. இந்தப் பலன்களை அவரே கவனித்திருக்கவில்லை. இதற்கு நேர்மாறாகவும் நிகழ்வதுண்டு: எடை நன்றாகக் குறைந்திருக்கும், மனமோ சோர்ந்து போயிருக்கும். கிலோக் கணக்கை மட்டும் பார்க்கும் மருத்துவர் இரண்டு பேரையும் தவறாகவே மதிப்பிடுவார்.

வாழ்க்கைத் தரம் என்பதை உலக சுகாதார நிறுவனம் வெறும் வசதியாகக் கருதவில்லை. தாம் வாழும் பண்பாட்டையும் மதிப்பீடுகளையும் சார்ந்து, தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கொண்டு ஒருவர் தம் வாழ்நிலையை எவ்வாறு உணர்கிறார் என்பதையே அது அளக்க முற்பட்டது. 1990களில் அந்நிறுவனம் உலகின் 15 மையங்களில் ஒரே காலத்தில் இதற்கான வினாத்தாளை உருவாக்கியது. அவற்றுள் இரண்டு இந்தியாவைச் சேர்ந்தவை: ஒன்று புதுதில்லி, மற்றொன்று நம் சென்னை. ஆகவே இது வெளிநாட்டில் எழுதி இங்கு மொழிபெயர்த்துக் கொடுத்த தாள் மட்டுமன்று. தமிழ் பேசும் மக்களின் வாழ்க்கை அதன் உருவாக்கத்திலேயே இடம் பெற்றிருக்கிறது. அதன் சுருக்க வடிவில் 26 வினாக்கள் உள்ளன. உடல்நிலை, மனநிலை, சமூக உறவுகள், சுற்றுச்சூழல் என நான்கு பகுதிகளில், கடந்த இரண்டு வாரங்களை நினைவில் கொண்டு விடையளிக்க வேண்டும். தமிழில் மட்டுமன்றி இந்தியிலும் இது கிடைப்பதால், வடமாநிலங்களிலிருந்து இங்கு வந்து பணியாற்றுவோரும் தம் மொழியிலேயே நிரப்பலாம்.

இது எல்லா நோய்களுக்கும் பொதுவானது. எடைக்கென்றே அமைந்த தாள்களும் உண்டு. அவற்றுள் ஐ.டபிள்யூ.க்யூ.ஓ.எல்.-லைட் என்பது அதிகம் பயன்படுவது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. இதிலுள்ள 31 வினாக்கள் உடல் இயக்கம், தன்மதிப்பு, தாம்பத்திய வாழ்வு, பொது இடங்களில் படும் சங்கடம், வேலை ஆகிய ஐந்தையும் பற்றியவை. மதிப்பெண் 0 முதல் 100 வரை. 100 என்றால் எடையால் இடர்ப்பாடு இல்லை என்று பொருள். தாம்பத்தியம் பற்றிய வினாக்களைக் கண்டதும் தாளை மடித்து வைத்துவிடுவோர் பலர். விரும்பாவிட்டால் அப்பகுதியை விட்டுவிடலாம், மற்றவற்றை நிரப்புங்கள்.

வெளிநாட்டுத் தாள்களில் நம் ஊர் வாழ்க்கை முழுமையாக வருவதில்லை என்பது எங்கள் கருத்து. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கையூன்றாமல் எழ முடிகிறதா? இந்திய வகைக் கழிப்பறையில் குந்த முடிகிறதா? டவுன் பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க முடிகிறதா? சிவன்மலைக்குப் படியேறிச் செல்ல முடிகிறதா, அல்லது அடிவாரத்திலேயே அமர்ந்துவிடுகிறீர்களா? இவற்றை நாங்கள் வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். செக்கிங் பிரிவில் நாள் முழுவதும் நிற்போருக்கும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போருக்கும் தொல்லைகள் வெவ்வேறு. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவரின் தூக்கக் குறைவு எடையால் வந்ததா, வேலை நேரத்தால் வந்ததா என்பதையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

சுற்றுச்சூழல் பகுதியில் பணம், போக்குவரத்து, மருத்துவ வசதி ஆகியவை பற்றிய வினாக்கள் உள்ளன. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு முறை மருத்துவமனைக்கு வருவதும் ஒரு நாள் கூலியை இழப்பதாகும். எடை குறையும் அதே வேளையில் இப்பகுதியின் மதிப்பெண்ணும் சரிந்தால், எங்கள் சிகிச்சையே குடும்பத்துக்குப் பாரமாகிறது என்று பொருள். அப்போது சந்திப்புகளைக் குறைக்கவோ விடுமுறை நாளுக்கு மாற்றவோ முயல்கிறோம். சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

இவ்வகை வினாக்களுக்கு அண்மையில் கூடுதல் முக்கியத்துவம் கிடைத்துள்ளது. 2025 ஜனவரியில் லான்செட் இதழின் வல்லுநர் குழு வெளியிட்ட வரையறை, நோயாகக் கருத வேண்டிய உடற்பருமனை உடல் நிறை குறியீட்டெண்ணால் மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்றது. உறுப்புகளின் செயல்பாடு குன்றியிருக்கிறதா, நடமாட்டம், குளியல், உடை உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்கள் தடைப்படுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது அது. அதே மாதம் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலும் இரண்டாம் நிலை உடற்பருமனை வரையறுக்கையில் அன்றாடச் செயல்பாட்டுக் குறைவைக் கணக்கில் கொள்கிறது. 2019–21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே அளவு சிகிச்சை தேவையில்லை.

ஒரு முறை நிரப்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடன் நாட்டு ஆய்வு விடை தருகிறது. 1987இல் தொடங்கிய அந்த ஆய்வில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் பத்தாண்டுகள் அளக்கப்பட்டது. முதல் ஆண்டில் மதிப்பெண் உச்சத்துக்குச் சென்றது. பின்னர், எடை ஓரளவு திரும்ப ஏறிய காலத்தில், ஏறத்தாழ ஆறாம் ஆண்டு வரை மதிப்பெண்ணும் மெல்லச் சரிந்தது. அதன்பின் இரண்டும் நிலைபெற்றன. எடையில் சுமார் பத்து விழுக்காட்டுக் குறைவைத் தக்கவைத்தாலே நீண்டகாலப் பயன் கிடைத்தது என்பது அதில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. நூறு கிலோ எடையுள்ளவருக்கு அது பத்து கிலோ. திருமணப் புகைப்படத்தில் இருந்த உருவம் திரும்ப வர வேண்டும் என்பதில்லை.

இதே போன்ற பல ஆய்வுகளில் உடல் சார்ந்த மதிப்பெண் உயர்ந்த அளவுக்கு மனம் சார்ந்த மதிப்பெண் உயரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் முடி உதிர்தல், தொங்கும் தோல், விருந்தில் பிறரோடு உண்ண முடியாமை, "ஏன் இப்படி வற்றிவிட்டாய்?" என்ற உறவினர் கேள்வி எனப் பல காரணங்கள் இருக்கக்கூடும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலரிடம் தம்மைத் தாமே துன்புறுத்திக்கொள்ளும் ஆபத்து கூடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மனநிலைப் பகுதியை நாங்கள் மிகவும் கவனமாகப் படிக்கிறோம்.

உடன் வருவோருக்கு ஒரு வேண்டுகோள். அன்பின் மிகுதியால் மகனோ மருமகளோ கணவரோ தாளை வாங்கித் தாமே நிரப்பிவிடுகின்றனர். அவ்வாறு செய்யாதீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் வலியைக் குறைத்தோ கூட்டியோ மதிப்பிடுவது இயல்பு. படிக்க இயலாதவருக்கு எங்கள் செவிலியர் தனியறையில் வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் விடையைக் குறிப்பார். மருத்துவரை மகிழ்விக்க வேண்டும் என்று நல்ல விடையைத் தேடவும் வேண்டாம். உங்கள் மதிப்பெண்ணை உங்கள் முந்தைய மதிப்பெண்ணோடு மட்டுமே ஒப்பிடுகிறோம். அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவரோடு அன்று.

சிகிச்சை தொடங்கும் முன்பும், 3, 6, 12 மாதங்களிலும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் இத்தாளைத் தருவோம். உலக சுகாதார நிறுவனத் தாளின் 26ஆம் வினா சோர்வு, நம்பிக்கையின்மை, பதற்றம் போன்றவை எத்தனை முறை தோன்றுகின்றன என்று கேட்கிறது. அதில் "எப்போதும்" என்று நீங்கள் குறியிட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கச் சொல்ல மாட்டோம். அன்றே உங்களோடு தனியே பேசுவோம். வீட்டில் இருக்கும்போது அத்தகைய எண்ணம் மிகுந்தால், டெலி-மானஸ் அரசு உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.