நிற்கும் வண்டியில் கரையும் மின்சாரம்

ஓடும் வண்டி எரிபொருளை உண்ணும் என்பது யாவரும் அறிந்ததே. நிறுத்திப் பூட்டிய வண்டியும் ஓசையின்றி உண்கிறது. அது உண்பது பேட்டரி எனப்படும் மின்கல அடுக்கில் சேமித்து வைத்த மின்சாரத்தை.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியினர்க்கு இச்செய்தி மிகவும் வேண்டுவது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலையும் இயங்கத் தொடங்கின. ஆலைத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்களும் பேருந்துகளும் விடியுமுன்னரே புறப்பட வேண்டும். அவ்வேளையில் சாவியைத் திருப்பியும் எஞ்சின் இயங்காவிடில், ஓட்டுநர் அன்றைய வாடகையை இழப்பார். தொழிலாளிக்கு ஊதியம் குறையவும் கூடும்.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தபோது, வாரக்கணக்கில் அசையாது நின்ற வண்டிகள் பலவற்றின் பேட்டரிகள் வற்றிப்போயின. அவற்றுள் பழுதே இல்லாத வண்டிகளும் உண்டு. கடிகாரம், திருட்டைத் தடுக்கும் ஒலிக்கருவி, கணினியின் நினைவகம் ஆகியவை வண்டி நிற்கும்போதும் விழித்திருக்கின்றன. காரில் இம்மின்னோட்டம் பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். ஆயினும் நாளொன்றுக்கு அது 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36. காரின் பேட்டரி 45 ஆம்பியர்-மணி கொள்ளளவினது எனில், எஞ்சுவது என்ன? சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்புக்கு மட்டுமன்றி இழப்புக்கும் பொருந்துகிறது.

பழுது சேர்ந்தால் இழப்பு பன்மடங்காகும். பின்பெட்டியிலுள்ள 5 வாட் விளக்கு ஒன்று அணையாது எரிந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி போய்விடும். இரண்டு மூன்று நாளிலேயே எஞ்சினைச் சுழற்றும் வலு குன்றிவிடும். இந்நிலையில் பலர் உடனே புதிய பேட்டரி வாங்குகின்றனர். காரணம் களையப்படாமையால் அதுவும் வற்றுகிறது. அடிக்கடி முற்றும் வற்றினால் ஈயத்தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகி, பேட்டரியின் கொள்ளளவு நிலையாகவே குறைந்துவிடும். ஆகவே வாங்குமுன் அளந்தறிதல் வேண்டும்.

முதலில் குறை பேட்டரியிலா, வண்டியிலா என்று தெளிய வேண்டும். பேட்டரியை முழுதும் மின்னேற்றிச் சில மணிநேரம் கழித்து அளந்தால், நல்ல நிலையில் 12.6 வோல்ட் அளவு காட்டும். எதிர்முனைக் கம்பியைக் கழற்றி ஓர் இரவு விட்டு, மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் மின்னழுத்தம் வெகுவாக இறங்கியிருப்பின் குறை பேட்டரியில்; இறங்காதிருப்பின் வண்டியை ஆராய வேண்டும்.

அதற்கு மல்டிமீட்டர் ஒன்று போதும். அதனை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரியின் எதிர்முனைக்கும் கழற்றிய கம்பிக்கும் இடையே தொடராக இணைக்க வேண்டும். இந்நிலையில் எஞ்சினை இயக்கவே கூடாது. அப்பெருமின்னோட்டத்தை அக்கருவி தாங்காது. கதவுகளை மூடிச் சாவியை அப்பால் வைத்துவிட்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருத்தல் நன்று. புதிய வண்டிகளின் கணினிகள் உறங்கச் செல்ல அவ்வளவு நேரமாகலாம். பொறுமையின்றி அளப்பவர் பழுதில்லாத வண்டியையும் பழுதென்பர்.

அதன் பின்னரும் மின்னோட்டம் மிகுந்திருந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கருவியை நோக்க வேண்டும். எதனைக் கழற்றியதும் அளவு சட்டென இறங்குகிறதோ, அதன் சுற்றிலேயே பழுது உள்ளது. பின்னாளில் பொருத்திய பாட்டுப்பெட்டி, ஒளிப்படக்கருவி, ஒட்டிக்கொண்ட ரிலே ஆகியவற்றை முதலில் ஐயுற வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணியர் வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதன் இணைப்பும் செம்மையாக உள்ளதா என்று காண வேண்டும். எந்தப் பியூஸைக் கழற்றியும் அளவு இறங்காவிடில், ஆல்டர்னேட்டரின் டையோடு வழியே மின்சாரம் பின்னோக்கிக் கசியலாம். அதனைத் தேர்ந்த மின்பணியாளரிடம் காட்டுவதே தக்கது.

ஆம்பியர்மானியைத் தொடராக இணைக்க வேண்டும் என்பது பள்ளி இயற்பியலில் நாம் படித்த பாடமே. தேர்வுத்தாளோடு மறந்துவிடாமல் அதனை வண்டியருகே கொண்டுசென்றால், ஓர் ஓட்டுநரின் பணம் வீணாகாது. பயன் தீராத பேட்டரியின் ஈயமும் கழிவாகாது. நாடி பார்த்த பின்னரே மருந்து என்பது வண்டிக்கும் பொருந்தும் முறையாகும்.