வாந்திபேதித் தடுப்பு மருந்தின் பலனை அளந்தறிதல்

2002-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நிகோபாரின் நான்கௌரித் தீவுத் தொகுதியில் வாந்திபேதி பரவிற்று. இப்பொழுது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்து, எல்-டார் வகைக் காலராக் கிருமியே காரணமெனக் கண்டனர்.

இந்நோயில் உடலின் நீரும் உப்பும் விரைந்து வெளியேறுகின்றன. சிகிச்சை கிட்டாவிடில் சில மணி நேரத்திலேயே உயிர் பிரியக்கூடும். கடலைக் கடந்து ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய சிற்றூர்களில் அச்சில மணி நேரமே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்டது. எனவே, வாய்வழி உட்கொள்ளும் தடுப்பு மருந்து எவ்வளவு காக்கும் என்ற கேள்வி தீவுகளில் பணிபுரிவோருக்கு மிக முக்கியமானதாகும்.

விடை காண்பது எளிதன்று. கொள்ளைநோய் திடீரெனத் தோன்றித் தானாகவே தணிவதும் உண்டு. மருந்து கொடுத்தபின் நோய் குறைந்தால், அது மருந்தின் பலனா, நோயின் இயல்பா? மருந்து உண்டோரையும் உண்ணாதோரையும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது.

அத்தகைய பரிசோதனை, இந்நோய் நிலைகொண்டிருந்த கொல்கத்தாச் சேரிகளில் 2006-இல் தொடங்கிற்று. கொல்லப்பட்ட கிருமிகளாலான மருந்தை இரு வார இடைவெளியில் இருமுறை உண்டவர் 31,932 பேர். காலராவைத் தடுக்கும் ஆற்றலற்ற போலி மருந்தை அவ்வாறே உண்டவர் 34,968 பேர். எவர் எதனை உண்டனர் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. பேதியுற்று வந்தோரின் மலத்தைச் சோதித்தே காலரா எனத் தீர்மானிக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளில் முதற் பிரிவில் 20 பேருக்கும், மற்றதில் 68 பேருக்கும் நோய் கண்டது. பதினாயிரம் பேருக்கு எனக் கணக்கிட்டால், முறையே ஏறத்தாழ 6, 19 ஆகும். அதாவது, வரவிருந்த நோயில் மூன்றில் இரண்டு பங்கு தடுக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் சென்ற பின்னரும் பாதுகாப்பு 65 சதவீதமாக இருந்தது. ஆயினும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது 42 சதவீதமே.

மருந்தின் பலனோடு அதன் எல்லையையும் இவ்வெண்கள் உணர்த்துகின்றன. மூன்றில் ஒரு பங்கு நோய் இன்னும் எஞ்சுகிறது. சிறு குழந்தைகளிடம் பாதிக்கு மேல் எஞ்சுகிறது. ஆகவே, கிணற்றுக்குக் குளோரின் இடுதல், குடிநீரைக் கொதிக்கவைத்தல், பேதி கண்டவுடன் உப்பு சர்க்கரைக் கரைசல் புகட்டுதல் ஆகியவற்றை மருந்தைக் காரணங்காட்டிக் கைவிடலாகாது.

மருந்து வழங்கும் ஊர்களில், யார் எந்நாளில் உண்டனர் என்பதைக் களப்பணியாளர் பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும். மீண்டும் நோய் தோன்றுமாயின், மருந்து எத்தனை பேரைக் காத்தது என்பதை அப்பதிவேட்டைக் கொண்டே அளக்க இயலும்.